தள்ளுபடி அஞ்சல் அனுப்பினால் விற்கிறது, ஆனால் லாபம் நிற்கவில்லை. மின்னஞ்சல் பட்டியலை எப்படி வளர்ப்பது?

எங்கள் குடும்பம் உடன்குடிக் கருப்பட்டியைத் திருநெல்வேலியில் கடை வைத்தும் இணையத்திலும் விற்கிறது. எனக்குத் தெரிந்த சரக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு கிலோ 400 ரூபாய்க்கு விற்று, சரக்கு, பேக்கிங், கூரியர் எல்லாம் போக 100 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் தள்ளுபடி என்றால் 80 ரூபாய் போய்விடும். மிச்சம் 20. பழைய லாபத்தைத் தொடவே ஐந்து மடங்கு விற்க வேண்டும். அதே ஆட்களுக்கே அனுப்பினால் ஐந்து மடங்கு எங்கிருந்து வரும்? ஒரு வீட்டில் காப்பிக்கும் பலகாரத்துக்கும் ஆகிற கருப்பட்டிக்கு ஓர் அளவு உண்டு. தள்ளுபடி அன்று இரண்டு கிலோ வாங்குகிறவர், பெரும்பாலும் அடுத்த மாதம் முழு விலைக்கு வாங்கியிருக்க வேண்டியவர்தான். ஆகவே தள்ளுபடியைப் புதிதாகச் சேருபவரின் முதல் ஆர்டருக்கு மட்டும் கொடுங்கள். பழையவர்களுக்கு விலையைக் குறைக்காமல் வேறு மரியாதை செய்யலாம்: கோடையில் பதநீர் இறங்கி முதல் கருப்பட்டி வந்ததும், கடையில் வைப்பதற்கு முன்பே அவர்களுக்கு எழுதுங்கள். அந்தச் சேதிக்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, புதிய பெயர்கள் எங்கே கிடைக்கும்? முகவரிகளை மொத்தமாக விற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கெடுபிடியாக இருக்கிறது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்பினால், அஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளும் வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். உங்களைத் தெரியாதவர்கள் புகார் செய்தால், உங்களை விரும்பி வாங்குபவருக்குப் போகும் அஞ்சலும் ஸ்பாமில் விழும்.

கடை வாசல்தான் நல்ல இடம். குற்றாலச் சீசனுக்கு வருபவர்கள், ஆனித் தேருக்கு ஊர் திரும்புபவர்கள், திருச்செந்தூர் போய்விட்டு வருபவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்பிப் போகிறவர்கள்தானே. சுக்குக் கருப்பட்டி ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்த பிறகு, “அண்ணாச்சி, புதுச் சரக்கு வந்தா தகவல் அனுப்பட்டுமா?” என்று கேளுங்கள். மின்னஞ்சல் முகவரியை வாயால் சொல்லி எழுதினால் எழுத்து மாறிப்போகும். க்யூஆர் அட்டையை நீட்டி அவர்களையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். உறுதி செய்யும் அஞ்சல் ஒன்றும் போகட்டும். பார்சலுக்குள்ளும் அதே அட்டையை வையுங்கள். மகள் வீட்டுக்கு அனுப்புகிற பெட்டியைப் பிரிப்பது சம்பந்தி வீட்டாராகவும் இருக்கலாம்.

சேர்ந்தவர்களுக்கு விற்பனைக் கடிதம் மட்டுமே போனால் சலித்துவிடும். ஐப்பசி மழை தொடங்கும் முன், கருப்பட்டி ஈரம் இழுத்து இளகாமல் எப்படிக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது என்று எழுதலாம். சீனி கலக்காத கருப்பட்டியைத் தேடுகிறவர்களுக்கு, உங்கள் சரக்கு எந்த ஊரில் எப்படிக் காய்ச்சப்படுகிறது என்று படத்தோடு காட்டலாம். இந்த மாதிரி அஞ்சலைத்தான் அக்காவுக்கும் சித்திக்கும் அனுப்பிவைப்பார்கள். அப்படி வருகிற பெயர்களுக்குச் செலவே இல்லை.

அப்புறம், வளர்ப்பதோடு களையெடுக்கவும் வேண்டும். வேலை மாறினால் அலுவலக முகவரி செத்துப்போகும். மின்னஞ்சல் அனுப்பித் தரும் பல சேவைகள் முகவரி எண்ணிக்கைக்குத்தான் காசு வாங்குகின்றன. யாரை நீக்குவது என்று பார்க்க, யார் அஞ்சலைத் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, படிக்காத அஞ்சலும் திறந்ததாகக் காட்டும். வாங்கினாரா, இணைப்பைத் தட்டினாரா என்று மட்டும் பாருங்கள்.

எப்போதாவது பழையவர்களுக்கும் தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பத்தில் ஒரு பங்கு பேரைக் குலுக்கலில் எடுத்து, அவர்களுக்கு அனுப்பாமல் விடுங்கள். இரண்டு மாதம் கழித்து, ஆளுக்கு எவ்வளவு லாபம் என்று இரு தரப்பையும் ஒப்பிட்டால், அந்தத் தள்ளுபடி சம்பாதித்ததா, தின்றதா என்பது தெரிந்துவிடும்.