காசு கட்டினால்தான் எடை குறையுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. எடை 80 கிலோ. மூன்று வருடங்களுக்கு முன் ஓர் எடைகுறைப்புத் திட்டத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் அவர்கள் தரும் பவுடரைக் கலக்கிக் குடிக்க வேண்டும். முதல் வாரமே 3 கிலோ இறங்கியது. மூன்று மாதத்தில் 9 கிலோ. நிறுத்திய ஒரு வருடத்துக்குள் 11 கிலோ ஏறிவிட்டது. இப்போது என் தோழி ஒரு செயலியில் ஒரு வருடப் பேக்கேஜ் எடுத்திருக்கிறாள். என்னையும் சேரச் சொல்லி விடாமல் கேட்கிறாள். நான் சேர்ந்தால் அவளுக்கு ஒரு மாதம் இலவசமாம். என் கணவரோ, ‘வாயைக் கட்டு, தினமும் நட, இதுக்கு எதுக்குக் காசு?’ என்கிறார். அவர் சொன்னபடியும் இரண்டு முறை செய்து பார்த்தேன். மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. ஒரு வருடமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காசு கட்டுவதா, நானே செய்துகொள்வதா? தோழிக்கு என்ன பதில் சொல்ல?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவருக்கும் தோழிக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அந்த முதல் வார 3 கிலோவைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பழைய திட்டத்தின் மேல் உங்களுக்கு இன்னும் ஓர் ஓரத்தில் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறதென்றால், அது அந்த 3 கிலோவால்தான்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 3 கிலோ கொழுப்பு ஒரே வாரத்தில் கரைய வேண்டுமானால் நாளொன்றுக்கு 3,300 கலோரி குறைந்திருக்க வேண்டும். உங்கள் வயதும் எடையும் உள்ள, பெரிய உடலுழைப்பு இல்லாத ஒரு பெண்ணின் உடல் நாள் முழுக்கச் செலவழிப்பதே சுமார் 2,000 கலோரிதான். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஏழு நாள் கிடந்தாலும் கணக்கு இடிக்கிறது, பாருங்கள். அப்படியானால் போனது என்ன? பெரும்பகுதி தண்ணீர். ஈரலும் தசைகளும் அவசரத்துக்கென்று கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்பு. கூடவே தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். சாப்பிட ஆரம்பித்ததும் திரும்பி வரும். நீங்கள் நிறுத்தியதும் மளமளவென்று ஏறிய முதல் இரண்டு கிலோவுக்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருந்தால், அதை இன்றோடு விட்டுவிடலாம்.

பவுடரையே குற்றம் சொல்ல நான் வரவில்லை. பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 850 கலோரியை ஒட்டிய பானங்களை மட்டுமே கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழுவில் 46 சதவிகிதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் அங்கே பானத்தை நிறுத்திய பிறகு, இரண்டு முதல் எட்டு வாரம் வரை வழக்கமான உணவைப் படிப்படியாகச் சேர்த்துத் தந்தார்கள். அதற்கப்புறமும் எடை ஏறாமல் இருக்க மாதாமாதம் கூப்பிட்டுப் பேசினார்கள். உங்களுக்கு அது நடந்த மாதிரித் தெரியவில்லை. பவுடர் டப்பா தீர்ந்தது, அவர்கள் வேலையும் தீர்ந்தது. எடை குறைப்பதில் சுலபமான பாதியை விற்றுவிட்டு, கஷ்டமான பாதியை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்.

இந்த வியாபாரம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 1961-ல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, 97 கிலோ எடையோடு, நகர சுகாதாரத் துறை நடத்திய இலவச உடல்பருமன் சிகிச்சை மையத்துக்குப் போனார். அங்கே ஓர் உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். பட்டியல் வேலை செய்தது, எடையும் இறங்கியது. ஆனால் வீட்டில் ஒளித்து வைத்து பிஸ்கட் தின்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை. அதை அந்த மையத்தில் வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். கடைசியில் குண்டான தோழிகள் ஆறு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவர்களும் ஆளுக்கொரு திருட்டுத் தீனிக் கதை சொன்னார்கள். வாராவாரம் கூடினார்கள், கூட்டம் பெருகியது. 1963-ல் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமானது. 1978-ல் ஹெயின்ஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. (எடைகுறைப்பு ஊசிகள் சந்தைக்கு வந்த பிறகு கடனும் கழுத்தை நெரிக்க, 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது வேறு கதை.)

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பட்டியலும், தோழிகள் இலவசமாகக் கொடுத்த காதுகளும்தான் அதன் மூலதனம். இன்றுவரை எந்தக் கட்டணத் திட்டத்திலும் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த இரண்டாவது சரக்கைத்தான். முதல் சரக்குக்குக் காசு கொடுப்பது வீண். ‘எங்களிடம் மட்டும்தான் இந்த முறை இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2005-ல் அமெரிக்காவில் 160 பேரை வைத்து அட்கின்ஸ், ஜோன், வெயிட் வாட்சர்ஸ், ஆர்னிஷ் என்று நான்கு பிரபல டயட்களை ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் நான்கிலும் சராசரியாக 2 முதல் 3 கிலோவைச் சுற்றித்தான் குறைந்தது. எந்த டயட் என்பதைவிட, எடுத்துக்கொண்டதை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்பதுதான் வித்தியாசத்தைக் காட்டியது.

இரண்டாவது சரக்குக்கு மதிப்பு உண்டா என்றால், உண்டு. இங்கே உங்கள் கணவரோடு நான் முரண்படுகிறேன். இங்கிலாந்தில் 1,267 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். 2017-ல் லேன்செட் இதழில் முடிவு வந்தது. முதல் குழுவுக்கு ஒரு கையேட்டைக் கொடுத்து ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். இரண்டாவது குழுவை 12 வாரம் வெயிட் வாட்சர்ஸ் கூட்டத்துக்கு அனுப்பினார்கள், மூன்றாவது குழுவை 52 வாரம். ஒரு வருட முடிவில் கையேட்டுக்காரர்கள் சராசரியாக 3.3 கிலோ குறைந்திருந்தார்கள், 12 வாரக்காரர்கள் 4.8, முழு வருடம் போனவர்கள் 6.8. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அது முறையே 2.3, 3.6, 4.3 கிலோவாகச் சுருங்கியிருந்தது. விளம்பரத்தில் காட்டும் ‘முன் – பின்’ படங்களை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

இதில் இன்னொன்று. அந்தக் கூட்டங்களுக்குப் போனவர்கள் கைக்காசு போடவில்லை. அவர்களுக்கு அனுமதிச் சீட்டு இலவசமாகத் தரப்பட்டது. ‘காசு கட்டினால்தான் எனக்குச் செய்யத் தோன்றும்’ என்று நிறையப் பேர் சொல்வார்கள், ஒருவேளை நீங்களும் அப்படி நினைக்கலாம். அங்கே எடை குறைந்தது காசு போட்டதால் இல்லை, வாராவாரம் ஒருவர் முகத்தில் விழிக்க வேண்டியிருந்ததால்.

காசுக்கு ஒரு விசை இருக்கத்தான் செய்கிறது, வேறு விதத்தில். 2008-ல் அமெரிக்காவில் 57 பேரை வைத்து நடந்த 16 வார ஆய்வில், ஒரு குழுவினர் தங்கள் சொந்தப் பணத்தைப் பந்தயமாகக் கட்டினார்கள். எடை குறைத்தால் கூடுதல் தொகையோடு திரும்பக் கிடைக்கும், இல்லையென்றால் போச்சு. அவர்கள் சராசரியாக 6 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள், பணத் தூண்டுதல் எதுவும் இல்லாத குழுவினர் 2 கிலோகூடத் தாண்டவில்லை. ஆனால் திட்டக் கட்டணம் அப்படியா? கட்டிய அன்றே அது போய்விட்டது, நீங்கள் குறைத்தாலும் திரும்பாது, ஏறினாலும் திரும்பாது. இரண்டாவது மாதத்தில் அது உறுத்தவும் உறுத்தாது. போகட்டும், பந்தயம் முடிந்த பிறகு அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கும் எடை திரும்ப ஏறியது.

ஆகவே என் பதில்: இப்போதைக்கு அந்த ஒரு வருடப் பேக்கேஜ் வேண்டாம். ஆனால் ‘வாயைக் கட்டு, நட’ என்பதும் வேண்டாம். அதை இரண்டு முறை செய்து பார்த்துவிட்டீர்கள். அதில் அளவும் இல்லை, ஆளும் இல்லை. இரண்டையும் சேர்த்து மூன்றாவது முறை ஆரம்பியுங்கள்.

அளவு என்றால், ஒரு நோட்டு. பிரமாதமான செயலி எதுவும் தேவையில்லை. சாப்பிட்டதை எழுதுவதுதான் இலவச முறைகளிலேயே விலைமதிப்பானது. அமெரிக்காவில் கிட்டத்தட்ட 1,700 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில், வாரம் ஆறு நாளாவது எழுதியவர்கள், ஒரு நாளோ அதற்கும் குறைவாகவோ எழுதியவர்களைப்போல இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதாதீர்கள், சாப்பிட்ட கையோடு எழுதுங்கள். மனசு பொல்லாதது. 1992-ல், ‘குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது’ என்று சொன்ன 10 பேர் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று, அவர்கள் உடல் செலவழித்த கலோரியை அளந்து கணக்கிட்டார்கள். உண்மையில் சாப்பிட்டதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் அவர்கள் கணக்குக் கொடுத்திருந்தார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததும், சமைக்கும்போது ருசி பார்த்ததும் யாருக்குமே சாப்பாடாகத் தோன்றுவதில்லை.

எண்ணெயையும் அளந்து பாருங்கள். திங்கட்கிழமை எண்ணெய் பாட்டிலில் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த திங்கட்கிழமை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையாலும் ஏழாலும் வகுத்தால், உங்கள் ஒருநாள் பங்கு வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. உங்கள் எடைக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 140. உங்கள் கணவர் சொல்லும் நடை மட்டும் ஏன் மூன்று வாரத்தில் எதையும் காட்டவில்லை என்பது இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துவிடும். நடையை விட்டுவிடாதீர்கள், குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருக்க அதுதான் கைகொடுக்கும். குறைப்பது அடுக்களையில்தான் நடக்கிறது. வேண்டுமானால் அந்தக் கோட்டைப் போடும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள்.

ஆள் என்பது, வாரம் ஒருமுறை உங்கள் எடையைக் கேட்பவர். கணவர் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஏறிய வாரம் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஆரம்பித்துவிடுவார். தானும் குறைக்க முயலும் இன்னொருவராக இருப்பது நல்லது. ஒரே நாள், ஒரே நேரம், காலையில் வெறும் வயிற்றில் பார்த்த எண். அவ்வளவுதான், அறிவுரை எதுவும் பரிமாறிக்கொள்ள வேண்டாம்.

இலக்கைச் சின்னதாக வையுங்கள். உங்கள் எடையில் 5 சதவிகிதம், அதாவது 4 கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தம் இறங்க ஆரம்பிக்கும். வாரம் அரைக் கிலோ போதும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறக்கினால் பித்தப்பைக் கல்லுக்கு வழி வைக்கிறீர்கள். அதற்கெல்லாம் முன்னால், மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் எடை குறைக்கப் போவதைச் சொல்லிவிடுங்கள். எடை இறங்க இறங்க அதே மாத்திரை உங்களுக்கு அதிகமாகிப்போகும். உட்கார்ந்து எழும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அப்படியே தைராய்டு, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். மூலிகை மாத்திரை என்று யார் எதைக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2010-ல் இதயத்துக்கு ஆபத்து என்று பல நாடுகளில் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, ‘இயற்கை’ என்று லேபிள் ஒட்டிய எடைகுறைப்புப் பொருட்களில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுகிறது. பிரஷர் உள்ளவருக்கு அது விஷம்.

நோட்டும் ஆளுமாக மூன்று மாதம் ஓட்டியும் எதுவும் அசையவில்லை என்றால், காசு கட்டுவதில் தப்பே இல்லை. அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஒரு வருடமாவது தக்கவைத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அதில் இருப்பவர்களில் 45 சதவிகிதம் பேர் தாங்களாகவே குறைத்தவர்கள், 55 சதவிகிதம் பேர் ஏதாவதொரு திட்டத்தின் துணையோடு குறைத்தவர்கள். எந்த வழியும் கேவலமில்லை. ஆனால் சேர்வதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: போன வருடம் சேர்ந்த எல்லோரும், பாதியில் விட்டவர்கள் உட்பட, இன்று சராசரியாக எவ்வளவு குறைந்திருக்கிறார்கள்? திட்டம் முடிந்த பிறகு யார் என்னோடு பேசுவார்கள்? பேசப்போவது படித்த உணவியல் நிபுணரா, அல்லது தானாகப் பதில் அனுப்பும் இயந்திரமா? வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே நானும் சாப்பிடலாமா? மாதாமாதம் கட்ட வழியுண்டா, நிறுத்தச் சொன்னால் கணக்கிலிருந்து பணம் பிடிப்பது அன்றே நிற்குமா? முதல் கேள்விக்குப் பதிலாக யாரோ ஒருவர் 30 கிலோ குறைத்த படத்தை அனுப்பினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் தோழியைப் பற்றி. ஒரு மாத இலவசத்துக்காக மட்டும் அவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று நான் நினைக்கவில்லை. தனியாகச் செய்ய அவருக்கும் அலுப்பாக இருக்கலாம். ‘பணம் கட்ட எனக்கு இப்போது தோதில்லை, ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் என் எடையை உனக்கு அனுப்புகிறேன், நீயும் அனுப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் வாரம் இரண்டு நாள் சேர்ந்து நடங்கள். அவர் செயலியில் சொல்லித்தரும் உருப்படியான விஷயம் ஏதாவது இருந்தால், நடக்கும்போது எப்படியும் உங்களிடம் சொல்லாமலா இருக்கப் போகிறார்!