தானா போயி தானா வர்ற கரண்ட்

கேள்வி: எங்க வீட்ல ஒரு மாசமா கரண்ட் ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட் போயிட்டு தானா வந்துடுது. மோட்டார் போட்டா இன்னும் அதிகம். பக்கத்து வீட்ல அப்படி இல்லங்கறாங்க. எலக்ட்ரீஷியன் எம்சிபிய (மெயின் போர்டுல இருக்கற ட்ரிப் சுவிட்ச்) மாத்திடலாம்னு சொல்றார், மாத்தலாமா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: கொஞ்சம் பொறுங்க சகோதரி. கரண்ட் அதிகமாகி எம்சிபி ட்ரிப் ஆனா கீழ விழுந்து அப்படியே கிடக்கும், நாம போய் தூக்கி விட்டாதான் கரண்ட் வரும், கரண்ட் லீக் ஆனா விழற ஆர்சிசிபியும் அப்படித்தான். தானா போயி தானா வருதுன்னா அது ட்ரிப்பே கிடையாது. தெருவுக்கே போனா காத்துல மரக்கிளை லைன்ல உரசுதுன்னு நினைக்கலாம், உங்க வீட்டுக்கு மட்டும் போறதால எங்கயோ லூஸ் காண்டாக்ட் இருக்கு, மோட்டார் போட்டா அதிகமாகுதுங்கறதும் அதையேதான் சொல்லுது, ஏன்னா மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சாதாரணமா ஓடும்போது இழுக்கறத விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், லூசான இடம் அதைத் தாங்காது.

இப்ப அது மீட்டருக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியணும். மீட்டர தொடவே வேண்டாம், போன்ல வீடியோ ஆன் பண்ணி மீட்டர் தெரியற மாதிரி வெச்சுட்டு ஒருத்தர மோட்டார் போடச் சொல்லுங்க. வீட்ல லைட் போற அதே நேரம் மீட்டர்ல இருக்கற சின்ன லைட்டும் டிஸ்ப்ளேயும் அணைஞ்சா கோளாறு போஸ்ட்லயோ, அங்கருந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயர்லயோ, அது ஈபி வேலை. மீட்டர் லைட் அணையாம இருந்து வீடு மட்டும் இருட்டானா, ஃப்யூஸ் கேரியர், மெயின் சுவிட்ச், நியூட்ரல் வயரெல்லாம் சேர்ற நியூட்ரல் லிங்க், எம்சிபில வயர் மாட்டற ஸ்க்ரூ, இதுல ஏதோ ஒண்ணு. எலக்ட்ரீஷியன் மெயின ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவா டைட் பண்ணட்டும், வயர் முனை கருத்திருந்தா வெட்டிட்டு புதுசா சீவி மாட்டட்டும். எம்சிபி உள்ள கருகியிருந்தா மட்டும் மாத்துங்க, வெறுமன மாத்தறது காசுக்குக் கேடு. அலுமினிய வயரையும் காப்பர் வயரையும் சும்மா முறுக்கி டேப் சுத்தியிருந்தா முதல் சந்தேகம் அங்கதான், அந்த ஜாயிண்ட் நாளாக நாளாக பூத்துப் போயி சூடாகும்.

இத தள்ளிப் போடாதீங்க, லூஸ் காண்டாக்ட்ல இருந்துதான் பல வீட்ல தீ பிடிக்குது. போர்டு பக்கம் கர்ர்னு சத்தம், பிளாஸ்டிக் கருகற வாடை வந்தா அன்னிக்கே ஆள் கூப்பிடுங்க. த்ரீ ஃபேஸ் வீடா இருந்து சில லைட் மங்கி சில லைட் பளீர்னு எரிஞ்சா, நியூட்ரல் வயர் விட்டுப் போகுதுன்னு அர்த்தம், யோசிக்காம உடனே மெயின ஆஃப் பண்ணுங்க, 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல 400 வரைக்கும் ஏறி டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போயிடும்.

மீட்டருக்கு முன்னாடிதான் கோளாறுன்னா மீட்டர்ல ஈபி வெச்ச சீல யாரும் உடைக்கக் கூடாது, ஈபியோட புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987ல கூப்பிடுங்க, எந்நேரமும் எடுப்பாங்க. ‘கரண்ட் இல்ல’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவங்க வரும்போது கரண்ட் இருக்கும், பாத்துட்டுப் போயிடுவாங்க. ‘விட்டு விட்டு வருது, போஸ்ட்ல சர்வீஸ் வயர் ஜாயிண்ட்டையும் நியூட்ரலையும் பாக்கணும்’னு சொல்லி கம்ப்ளைண்ட் நம்பர் வாங்கிக்கங்க, வர்றவர்கிட்ட அந்த வீடியோவையும் காட்டுங்க.