ஜிடிபி கூடினால் நம் வாழ்க்கையும் நல்லபடி ஆகுமா?

ஓரளவுக்கு ஆகும். ஜிடிபி என்பது ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள்கள், சேவைகளின் மொத்தப் பண மதிப்பு. ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். கொழும்பில் ஒரு சதுப்பு நிலம் மழைநீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடக்கும்வரை ஜிடிபியில் அதற்கு மதிப்பு இல்லை; மண் கொட்டி நிரப்பி அடுக்குமாடி கட்டினால் வளர்ச்சி, அப்புறம் வெள்ளம் புகுந்து ஊறிப்போன மெத்தைக்குப் பதில் புது மெத்தை வாங்கினால் அதுவும் வளர்ச்சிக் கணக்கில்தான் சேரும்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரம் முழுக்க வாங்கி எறிந்தது, ஏழைகளின் வீடுகளுக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்திருந்தது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

தேசிய வருமானத்தை வைத்து மக்கள் நலனை அளக்க முடியாது என்று பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1934லேயே எச்சரித்தார். இன்னொரு பொருளாதார அறிஞர் கேட் ராவொர்த் 2012இல் டோனட் வடிவில் ஒரு படம் வரைந்தார்: உள்வட்டம் உணவு, நீர், மருத்துவம் போன்ற அடிப்படைத் தேவைகள், வெளிவட்டம் பூமி தாங்கும் எல்லை. சரி, அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதைத்தான் நாம் எண்ண வேண்டும்.