மடித்தால் வெடிக்கிறது, ஒட்டினால் வளைகிறது: வாழ்த்து அட்டைக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: வாழ்த்து அட்டைகளை நானே செய்து வேண்டியவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். கனத்த வண்ண அட்டையை இரண்டாக மடித்தால் மடிப்பு ஓரம் வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. மேலே அலங்காரத் தாள் ஒட்டினால் மறுநாள் காலையில் அட்டை வளைந்து நிற்கிறது. உள்ளே எழும்பி நிற்கிற மாதிரி ஒரு பெட்டி வெட்டினேன்; மூடினால் அதில் ஒட்டிய படம் வெளியே துருத்துகிறது. விலை கூடிய தாள் வாங்கியும் பலனில்லை. என் கை சரியில்லையா, தாள் சரியில்லையா?

பதில்: உங்கள் கையில் குறையில்லை. தாளிலும் பெரும்பாலும் குறை இருக்காது. தாளை எந்தத் திசையில் வைத்து வேலை செய்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். முதல் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றே.

தாள் என்பது நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் காய்ந்த படலம். ஆலையில் கூழ் ஓடுகிற வலையின் மேல் விழும்போது, ஓட்டத்தின் போக்கிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடுகின்றன. கைவினைக்காரர்கள் இதை கிரெயின் என்பார்கள். நாம் நார்வாட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூங்கிலை நெடுக்காகப் பிளந்தால் வழுக்கிக்கொண்டு பிளக்கும், குறுக்கே ஒடித்தால் சிலும்பு சிலும்பாக நிற்கும். தாளும் அப்படித்தான். வாட்டத்தோடு மடித்தால் நார்கள் விலகி இடம் கொடுக்கும். வாட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் நார்கள் ஒடியும், மேல்பூச்சு வெடிக்கும்.

வாட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தாளை மேசை மேல் வைத்து, ஒரு விளிம்பைத் தூக்கி எதிர் விளிம்பின் மேல் கொண்டுவாருங்கள். மடித்துவிடாதீர்கள், வளைவின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கிப் பாருங்கள். இப்போது தாளைக் கால் சுற்று திருப்பி அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் தாள் கையை எதிர்த்து முட்டும். மறு பக்கம் சொன்னபடி கேட்கும். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவு நீளுகிற திசைதான் வாட்டம். சந்தேகம் தீரவில்லையா? ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள். அது குழல் போலச் சுருளும். குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுவே வாட்டம். தெரிந்தவுடன் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். நான் புதுத் தாள் எது வந்தாலும் முதலில் செய்கிற வேலை இதுதான்.

இனி உங்கள் அட்டைக்கு வருவோம். ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றுக்கு வாட்டம் நீளவாக்கில், அதாவது 297 மி.மீ. பக்கமாக ஓடும். அதை அப்படியே பாதியாக மடித்தால் மடிப்பு வாட்டத்துக்கு நேர் குறுக்கே விழுகிறது. நீங்கள் அனுபவிக்கும் வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. மடிப்பதற்குப் பதிலாக அந்த இடத்தில் வெட்டுங்கள். 148 × 210 மி.மீ. அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 105 மி.மீ.யில் மடித்தால் மடிப்பு வாட்டத்தோடு போகும். ஒரே தாளில் இரண்டு ஏ6 அட்டைகள் கிடைக்கும். இரண்டும் சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். பெரிய அட்டைதான் வேண்டுமென்றால், நீளவாட்டமுள்ள ஏ3 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடியுங்கள்.

வாட்டம் சரியாக இருந்தாலும் 220 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேற்பட்ட அட்டையை வெறும் விரலால் மடிக்கக் கூடாது. முதலில் தடம் போட வேண்டும். போன் ஃபோல்டர் என்கிற, மடிப்புத் தடம் போட உதவும் மழுங்கிய முனைக் கருவி இருந்தால் நல்லது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் அழகாக வேலை செய்யும். அடியில் நாலைந்து செய்தித்தாளை மடித்துப் போட்டு, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, ஒரே கோட்டில் இரண்டு முறை இழுங்கள். அமுக்கிய பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் விழும். மேடு மடிப்பின் உள்ளே வர வேண்டும், பள்ளம் வெளியே. பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும், பலர் தவறுவதும் இங்கேதான். அந்த மேடு உள்பக்கம் புடைத்துக்கொள்வதால் வெளிப்பக்கத்துக்கு இழுவிசை குறைகிறது, அதனால்தான் வெடிப்பதில்லை. மடித்த பின் மேலே ஒரு கழிவுத் தாளை வைத்துத் தேயுங்கள்; நேரே தேய்த்தால் பளபளப்புக் கோடு விழுந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகும் வெள்ளை தெரிந்தால், அட்டையின் மூலையைச் சிறிது கிழித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருந்தால் நிறம் மேலே மட்டும் பூசப்பட்டிருக்கிறது. கூழிலேயே சாயம் கலந்த அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். லேசர் பிரிண்டரில் அச்சடித்த வடிவமும் மடிப்பில் உதிரும், ஏனென்றால் டோனர் தாளின் மேலேயே படிந்திருக்கும். மடிப்புக் கோட்டின் இருபுறமும் சில மி.மீ. அச்சில்லாமல் விடுவதே வழி.

அடுத்தது வளைவு. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில் பருக்கும். ஆகவே அலங்காரத் தாள் வாட்டத்துக்குக் குறுக்கே விரிகிறது. விரிந்த நிலையிலேயே நீங்கள் அதை ஒட்டிவிடுகிறீர்கள். இரவில் காயும்போது அது சுருங்கி, அடியிலிருக்கும் அட்டையையும் தன் பக்கம் இழுக்கிறது. இரண்டின் வாட்டமும் ஒன்றுக்கொன்று குறுக்கே இருந்தால் இழுபறி இன்னும் மோசம். எனவே இரண்டையும் ஒரே வாட்டத்தில் வையுங்கள், அதற்குத்தான் அந்த அம்புக்குறி. பசையை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிசாகத் தேயுங்கள். ஒட்டிய பின் ஓரத்தில் பசை பிதுங்கினால் அளவு அதிகம் என்று அர்த்தம். இருபுறமும் மெழுகுத் தாள் வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். அரை மணியில் எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கடினம்.

அப்படியும் வளைந்தால், அதே பலகத்தின் (மடித்த அட்டையின் ஒரு பாதி) உள்பக்கம் அதே கனமுள்ள தாளை அதே வாட்டத்தில் ஒட்டுங்கள். இரு பக்கமும் சமமாக இழுத்து அட்டை நிமிர்ந்துவிடும். புத்தகம் கட்டுபவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. அவசர வேலைக்கு இருபக்க டேப் போதும், அதில் ஈரமே இல்லை. இங்க்ஜெட்டில் அச்சடித்த படத்துக்கும் எனக்கு டேப்தான் பிடிக்கும். ஈரப்பசை பட்டால் அந்த மை கசியலாம். உள்ளே எழுதுவதற்கு வைக்கிற வெள்ளைத் தாளை முழுதாக ஒட்டவே வேண்டாம், மடிப்போரமாக ஒரு மெல்லிய கோடு பசை போதும்.

கடைசியாக அந்தப் பெட்டி. இது வெறும் கணக்கு. மடித்த அட்டையில் மடிப்போரத்திலிருந்து 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டுப் போட்டு உள்ளே தள்ளினால், அட்டையை மூடும்போது பெட்டியின் நுனி மடிப்பிலிருந்து 4 + 4, அதாவது 8 செ.மீ. வரை வரும். உங்கள் பலகம் 10 செ.மீ. அகலம் என்றால் உள்ளேயே நிற்கும். வெட்டு 5 செ.மீ.யைத் தாண்டினால் பெட்டியே வெளியே வந்துவிடும். பெட்டியின் முகத்தில் ஒட்டும் படத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. படத்தின் அடி பெட்டியின் அடியோடு பொருந்தியிருந்தால், வெட்டின் நீளத்தோடு படத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். விடை பலகத்தின் அகலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 4 செ.மீ. வெட்டுக்கு ஐந்தரை செ.மீ. உயரப் படம் சரி, 7 செ.மீ. படம் துருத்தும். நல்ல அட்டையில் கத்தி வைக்கும் முன் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் ஒருமுறை வெட்டி, மூடித் திறந்து பார்த்துவிடுங்கள்.