உள்ளே இன்னொரு களஞ்சியம்

வணக்கம் அக்கா,

நிலாவெளி தொட்டு மூதூர் வரை கரைவலைக்காரர் பேசும் சொற்களை நண்பர்கள் சிலர் சேர்த்து வருகிறோம். மூதூர் நண்பர் தன் பங்கைத் தனிக் கிட் களஞ்சியமாக (கிட் என்பது கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) வைத்திருந்தார். அந்தக் கோப்புறையை அப்படியே எங்கள் பெரிய களஞ்சியத்துக்குள் நகலெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து, களஞ்சியங்களை வைக்கும் இணையதளமான கிட்ஹப்புக்கு அனுப்பினேன். இப்போது என் மடிக்கணினி பழுது. வேறொன்றில் குளோன் செய்து, அதாவது முழுப் பிரதியை இறக்கி, பார்த்தால் மூதூர்க் கோப்புறை வெறுமையாகக் கிடக்கிறது. ‘எச்சரிக்கை வந்திருக்கும், வாசிக்காதது உன் பிழை’ என்கிறார்கள். மென்பொருள் இப்படித்தான் நடக்க வேண்டுமா?

— வாசகர், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தம்பி,

கூடாது. ‘சேர்’ என்றால் கோப்புகளைச் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் மறுக்க வேண்டும். கிட் இரண்டையும் செய்யவில்லை. உள்ளே, வரலாற்றை வைத்திருக்கும் ‘.கிட்’ மறைகோப்புறையைக் கண்டதும் கோப்புகளை விட்டுவிட்டு, உள்களஞ்சியம் அப்போது நின்ற கொமிட்டின் (பதிந்து வைத்த நிலையின்) 40 எழுத்து அடையாளத்தை மட்டும் குறித்துக்கொண்டது. முறைப்படி சப்மொடியூலாக, அதாவது வேறொரு களஞ்சியத்தைச் சுட்டும் உட்பகுதியாக, சேர்த்திருந்தால், அந்தக் களஞ்சியம் எங்கே கிடைக்கும் என்பதாவது ‘.கிட்மொடியூல்ஸ்’ கோப்பில் பதிந்திருக்கும். உங்களிடம் இருப்பது ஊர்ப்பெயர் இல்லாத வீட்டிலக்கம்.

எச்சரிக்கை 2017இல் வந்த 2.14 பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் எச்சரித்துவிட்டு வேலையை வெற்றியென்றே முடிக்கிறது. உள்களஞ்சியத்தில் ஒரு கொமிட்கூட இல்லாவிட்டால் இதே கிட் பிழை காட்டி நின்றுவிடும். மறுக்கத் தெரிந்த மென்பொருள் இங்கே ஏன் மறுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கேட்காமல் கோப்புகளை விழுங்கிவிடுவதும் சரியல்ல. ஒரே சொற்பட்டியலுக்கு இரண்டு வரலாறு ஓடும், நண்பர் திருத்தியது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் திருத்தியது அவருக்குத் தெரியாது. கிட் போன்ற இன்னொரு மென்பொருளான மெர்க்கூரியலில் உள்களஞ்சியக் கோப்பொன்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கப் போனால், அது உள்களஞ்சியத்துக்குரியது என்று சொல்லி மறுத்துவிடும். அப்படி நிறுத்தி, சப்மொடியூலா, வெறும் கோப்புகளா, விட்டுவிடுவதா என்று கேட்பதே ஆளின் உழைப்பை மதிக்கும் வழி.

இனிச் செய்ய வேண்டியது. கிட்ஹப்பில் அந்தக் கோப்புறைப் பெயரருகே ‘@’ குறியோடு ஓர் அடையாளம் தெரியும். அது மூதூர் நண்பரின் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். நகலெடுத்தபின் நீங்கள் உள்ளே கொமிட் செய்யவில்லையென்றால் கட்டாயம் இருக்கும், அதே நிலையை அவரிடமிருந்து எடுக்கலாம். நீங்கள் பிறகு திருத்தியவை பழுதான கணினியின் வன்தட்டில் மட்டுமே உள்ளன. திருத்தக் கொடுக்கும்போது அதை அழிக்க விடாதீர்கள்.