சர்வைவரில் கடைசி நால்வருக்குத் தீ மூட்டும் போட்டி வைத்ததில் என்ன தவறு?

போட்டியாளர்கள் வாக்களித்து ஒருவரையொருவர் வெளியேற்றும் அமெரிக்க ரியாலிட்டி நிகழ்ச்சியான சர்வைவரின் உயிரே வாக்கெடுப்புதான். முன்பு நால்வர் மிஞ்சும்போதும் வாக்களிப்பார்கள். 2-2 எனச் சமமானால்தான் தீ மூட்டும் போட்டி. 2017-இல் வந்த 35-ஆவது சீசனில் இதை மாற்றினார்கள். இம்யூனிட்டி (வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு) வென்றவர் ஒருவரை இறுதிக்கு அழைத்துக்கொள்வார். மற்ற இருவரும் தீ மூட்டி, மேலே கட்டிய கயிற்றை எரித்து அறுக்க வேண்டும்.

இதனால், எல்லோரும் அஞ்சும் ஆட்டக்காரரை மூவர் சேர்ந்து வெளியேற்றும் கடைசி வாய்ப்பு பறிபோகிறது. ஐவர் இருக்கும்போதே அவரை அனுப்பியாக வேண்டும்.

கண்ணெதிரே எரியும் தீ, வெற்றியாளரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முன்னாள் போட்டியாளர்களான ஜூரியையும் அசைக்கிறது. 38-ஆவது சீசனில் கிறிஸ் அண்டர்வுட், கையிலிருந்த இம்யூனிட்டியையே விட்டுக்கொடுத்துத் தீ மூட்டி ஜெயித்தார், பட்டமும் அவருக்கே. வாரக்கணக்கில் கட்டிய கூட்டணியைவிடச் சில நிமிடக் கைவேலை பெரிதாவது நியாயமே இல்லை. சமநிலைக்கு மட்டும் தீ என்ற பழைய விதி திரும்ப வேண்டும்.