மொழி மாதிரிகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஏஜிஐ வந்துவிடுமா, இல்லை வேறு வழி வேண்டுமா?

ஹாஸ்டலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து ராத்திரி முழுக்க இதே சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஒரு கட்சி, எழுத்தைக் குவியலாகப் படித்து எழுதப் பழகிய இப்போதைய மொழி மாதிரியையே இன்னும் பெரிதாக்கி, இன்னும் தரவைக் கொட்டி, இன்னும் சிப் வாங்கிப் போட்டால் மனிதன் செய்கிற எந்த வேலையையும் கற்றுக்கொள்ளும் அறிவு, அதாவது ஏஜிஐ, வந்துவிடும் என்கிறது. இன்னொரு கட்சி, எழுத்தைப் படித்தே அந்த இடத்துக்குப் போக முடியாது, உலகத்தில் இறங்கிச் செய்து பார்த்துக் கற்கும் இயந்திரம் வேண்டும் என்கிறது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்களை விவரம் இல்லாதவர்கள் என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

நீங்கள் கடைசி வருடம் படிக்கிறீர்கள், புராஜெக்ட் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் ஆராய்ச்சியாளர் இல்லை. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம், பி.எஸ்சி. கணிதம், அப்புறம் மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் அனோட்டேஷன் வேலை. அதாவது படத்தில் இருப்பதைச் சுற்றிக் கட்டம் போட்டு இது இன்னது என்று பெயர் வைப்பது, இயந்திரம் தந்த இரண்டு பதிலில் எது மேல் என்று குறிப்பது. டிகிரியைப் பார்த்து "இந்தம்மாவுக்கு என்ன தெரியும்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம். இந்த இயந்திரங்கள் தின்கிற சோற்றை வடித்துக் கொட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சோற்றில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் பெரிதாக்கும் கட்சிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். 2020ல் ஓப்பன்ஏஐ (பிற்பாடு சாட்ஜிபிடியைச் செய்த கம்பெனி) ஆட்கள் ஒரு கட்டுரை போட்டார்கள். மாதிரியின் அளவு, தரவு, கணக்கிடும் திறன் இந்த மூன்றையும் கூட்டக்கூட மாதிரியின் பிழை ஒரு ஒழுங்கான வளைகோட்டில் குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டினார்கள். அதே வருடம் 17,500 கோடி அளவுருக்களோடு (பழக்கும்போது மாதிரிக்குள் மாறிக்கொண்டே வரும் எண்கள், அதன் அளவைச் சொல்வது இதை வைத்துத்தான்) அவர்களுடைய ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி வந்தது. எழுபது வருட ஏஐ ஆராய்ச்சி கற்றுத்தரும் பாடமே இதுதான், மனிதன் தன் புத்தியைப் பிட்டுப்பிட்டு ஊட்டிய முறைகளெல்லாம் கடைசியில் கணக்கிடும் திறனை நம்பிய முறைகளிடம் தோற்றன என்று ஏஐ ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் சட்டன் 2019லேயே எழுதினார். இதையெல்லாம் சும்மா தள்ளிவிட முடியாது. நானே வேலையில் பார்த்தேன். நான் சேர்ந்தபோது தமிழில் இரண்டு வாக்கியம் ஒழுங்காக அமைக்கத் தெரியாமல் இருந்த மாதிரி, நான் வெளியே வரும்போது முழுப் பக்கக் கடிதம் எழுதியது.

ஆனால் 2022ல் கூகுளின் டீப்மைண்ட் ஆய்வுக்கூடம் சின்சில்லா என்ற தங்கள் மாதிரியைப் பற்றிப் போட்ட கட்டுரையையும் படியுங்கள். 28,000 கோடி அளவுருக்கள் கொண்ட தங்கள் பழைய மாதிரியை, வெறும் 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட புது மாதிரியால் அவர்களே தோற்கடித்தார்கள். புதியதற்குப் படிக்கக் கொடுத்தது நாலு மடங்குக்கும் மேல், 1.4 லட்சம் கோடி டோக்கன்கள் (டோக்கன் என்பது ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு). அப்படியென்றால் மாதிரியை மட்டும் பெரிதாக்கினால் பத்தாது, தீனியும் கூட வேண்டும். சரி, அந்தத் தீனி எங்கிருந்து வரும்? யாரோ எப்போதோ எழுதியதிலிருந்து, படம் எடுத்ததிலிருந்து. எழுதாதது, படத்தில் விழாதது? என் பதில் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

எங்களுக்கு ஒரு முறை மல்லிகைச் செடிப் படங்களாக வந்தன. பூப் பறிக்கும் இயந்திரம் ஒன்றுக்கு என்று டீம் லீடர் சொன்னார், யாருக்கு என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு மொட்டையும் சுற்றிக் கட்டம் போட்டு 'பறிக்கலாம்', 'பறிக்க வேண்டாம்' என்று குறிக்கவேண்டும். மல்லியை விரிந்த பூவாகப் பறிப்பதில்லை என்று வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கி, அன்றைக்குச் சாயங்காலம் விரியப்போகிற மொட்டாகப் பார்த்து எடுக்கவேண்டும். நாளைக்கு விரியவேண்டியதை இன்று எடுத்துவிட்டால் அது விரியாமலே வதங்கிப்போகும். எடுக்கவேண்டியதை விட்டுவிட்டால் செடியிலேயே விரிந்து, மறுநாள் மார்க்கெட்டில் விலை போகாது.

எங்களுக்கே கொஞ்சம் மல்லித் தோட்டம் உண்டு. அம்மா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பூ எடுக்கிறார். வேலைக்கு வந்த படத்தை வெளியே காட்டக் கூடாது, அதை நான் காட்டவும் இல்லை (முதலில் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும்). எங்கள் செடியையே போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, அம்மாவிடம் நீட்டினேன். "இது இன்னைக்கு. இது நாளைக்கு. இதுவும் நாளைக்குத்தேன்." விரலை வைத்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு மொட்டில் நின்றுவிட்டார். "ஏண்டி, இதப் போட்டோவுல பாத்து என்னத்தச் சொல்றது? கைய வச்சாத்தேன் தெரியும்."

மறுநாள் விடியற்காலையில் அம்மாவோடு போய் நின்று பார்த்தேன். கண்ணால் பார்த்து எடுக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண் பாதிதான். இடது கையால் கொப்பை லேசாகத் தூக்கி இலைக்கு அடியில் இருப்பதைத் திருப்புகிறார், வலது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மொட்டு வந்ததும் ஒரு நொடிகூட இல்லை, ஒரு அழுத்தம், அதற்குள் முடிவு. பருத்து, வெள்ளையாகி, கழுத்து நீண்டிருந்தால் கிள்ளிவிடுகிறார். பச்சை ஓடியிருந்தால் விரல் தானாக விலகிவிடுகிறது. முந்தின நாள் மூட்டம் போட்டிருந்தால் எடுக்கிற கணக்கே மாறும் என்கிறார். எப்படி மாறும் என்று கேட்டால் வாயால் சொல்லத் தெரியவில்லை, செய்துதான் காட்டுகிறார்.

இதை அவர் எந்தப் படத்தைப் பார்த்தும் கற்கவில்லை. காலையில் எடுத்த பூ கமிஷன் கடைக்குப் போகும். சாயங்காலம் விரியாத மொட்டு கலந்திருந்தால் மறுநாள் அங்கே பேச்சு வரும், விலையைக் குறைப்பார்கள், அது வீட்டில் அப்பத்தாவின் திட்டாக அம்மாவிடம் வந்து சேரும். தை முகூர்த்த நேரத்தில், செடியில் பூவே இல்லாமல் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது, ஒரு கை மொட்டு வீணானால்கூட எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எடுத்தார், என்ன ஆனது என்று பார்த்தார், அடுத்த நாள் கையை மாற்றினார். நான் கட்டம் போட்ட படத்துக்கோ சாயங்காலமே கிடையாது. அந்த மொட்டு விரிந்ததா இல்லையா என்று எனக்கும் தெரியாது, இயந்திரத்துக்கும் தெரியாது. அப்படிப்பட்ட படம் கோடி சேர்ந்தாலும் சாயங்காலம் வந்துவிடாது.

உடனே டீப்மைண்டின் விளையாட்டு நிரலான ஆல்ஃபாசீரோவைச் சொல்வீர்கள். சரிதான், நல்ல உதாரணம். கோ என்ற பலகை விளையாட்டின் சாம்பியன் லீ செடோலை 2016ல் 4-1 என்று தோற்கடித்த, அவர்களுடைய முந்தைய நிரல் ஆல்ஃபாகோ முதலில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துப் படித்தது. 2017ல் வந்த ஆல்ஃபாசீரோவுக்கு விதிகளை மட்டும் கொடுத்தார்கள், தனக்குத் தானே ஆடியே அதையும் தாண்டியது. இது என் கட்சிக்குத்தான் பலம். செய்து பார்த்து விளைவிலிருந்து கற்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் கோ பலகையில் விதி முழுதாக எழுதியிருக்கிறது, வென்றதா தோற்றதா என்று ஆட்டம் முடிந்ததும் தெரிந்துவிடும், லட்சக்கணக்கான ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆடிவிடலாம். மல்லித் தோட்டத்துக்கு அப்படி ஒரு பலகை யாரும் செய்துவைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சாயங்காலம்தான். ஏஐ ஆராய்ச்சியாளர் யான் லெகுன் 2022ல் எழுதிய திட்டத்தில், உலகம் அடுத்து எப்படி மாறும் என்று தனக்குள்ளேயே ஊகித்துப் பார்க்கும் உலக மாதிரி வேண்டும் என்று கேட்பதும் இந்தக் குறையைப் பார்த்துத்தான். ரோபோ ஆராய்ச்சியாளர் ராட்னி புரூக்ஸ் 1990லேயே, அறிவை உலகத்தோடு தொட்டுப் பழகும் உடம்பிலிருந்து கட்டி எழுப்பவேண்டும் என்று வாதாடினார்.

"கண் தெரியாதவர்களுக்கு அறிவு இல்லையா, கை இல்லாதவர்களுக்கு இல்லையா" என்று ஒருத்தர் கண்டிப்பாகக் கேட்பார். நான் சொல்வது கண்ணையோ கையையோ அல்ல. அவர்களும் ஒன்றைச் செய்கிறார்கள், அதன் பலன் அவர்கள்மேல் வந்து விழுகிறது, அதிலிருந்து கற்கிறார்கள். அது எந்த வழியாக வந்தாலும் சரி. இயந்திரத்தால் இது ஒருநாளும் முடியாது என்றும் நான் சொல்லவில்லை. முடியும் என்றே நம்புகிறேன். இணையத்தை இன்னொரு முறை படிக்கவைத்து முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையில் ஒரே படத்தை மூன்று பேருக்கு அனுப்புவார்கள், இரண்டு பேர் சொன்னது சரி என்று கணினி எடுத்துக்கொள்ளும். என்னோடு இருந்த மற்ற இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், ஆனால் டவுனிலேயே வளர்ந்தவர்கள், மல்லித் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்குப் 'பறிக்கலாம்'. வெயில் பட்டு வெள்ளையாகத் தெரிந்த பச்சை மொட்டை நான் வேண்டாம் என்று குறிப்பேன், இரண்டுக்கு ஒன்று, என் குறிப்பு தப்பு. அந்த மாதம் என் துல்லிய மதிப்பெண் இறங்கி இன்சென்டிவ் போனது. மேலே சொல்லிப் பார்த்தேன். "கைட்லைன்ல என்ன இருக்கோ அதை மட்டும் பண்ணுங்க, உங்க வீட்டுத் தோட்டம் கிளையன்ட்டுக்குத் தேவையில்ல" என்றார்கள். காசு போனதைவிட, தெரிந்தவள் சொன்னது தரவுக்குள்ளேயே போகாமல் அழிந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இப்படிச் சேர்ந்த தரவை இன்னும் பத்து மடங்கு கூட்டினால், அந்தத் தப்பும் பத்து மடங்கு உறுதியாகும். ஹாஸ்டல் வாதத்தில் இதை யாராவது எடுத்தார்களா?

குறிப்பவர்கள் யார் என்பது சின்ன விஷயம் இல்லை. இமேஜ்நெட் படத் தொகுப்பைச் சுத்தம் செய்து பெயரிட்டவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 50,000 பேர். 2012ல் ஆழ்கற்றல் (பல அடுக்கு நரம்பு வலைகளைத் தரவில் பழக்கும் முறை) அலையையே தொடங்கிவைத்த தொகுப்பு அது. 2022ல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி கட்டுரையைப் பாருங்கள். சுமார் 40 ஒப்பந்த ஆட்கள் எழுதிக் காட்டி, தரம் பிரித்துக் கொடுத்ததை வைத்துப் பழக்கிய 130 கோடி அளவுரு மாதிரியின் பதில்களை, 17,500 கோடி அளவுரு ஜிபிடி-3 தந்த பதில்களைவிட மதிப்பிட்டவர்கள் விரும்பினார்கள். நூறு மடங்குக்கும் மேல் சின்னது! பெரிதாக்கும் கட்சியின் சொந்த வீட்டிலிருந்து வந்த கணக்கு இது. அந்த 40 பேரில் ஒருவர் பெயரையாவது உங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களா? எனக்கு வந்த அனுபவச் சான்றிதழில் 'டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்' என்று போட்டிருந்தது. அதையும் நாலு தடவை நடையாய் நடக்கவிட்டுத்தான் கொடுத்தார்கள். கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்தது ஏன் என்று இன்றுவரை பதில் இல்லை. அடுத்து போன இன்டர்வியூவில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு டைப்பிங் ஸ்பீடு எவ்வளவு என்று கேட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எழுதாமல் விட மனது வரவில்லை.

கேள்விக்கு வருகிறேன். 1950ல் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங், இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்ட தன் கட்டுரையின் கடைசியில் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சதுரங்கம் போன்ற உடம்பு வேண்டாத வேலையில் தொடங்குவது. இன்னொன்று, காசு கொடுத்து வாங்க முடிந்ததிலேயே நல்ல புலனுறுப்புகளை இயந்திரத்துக்குப் பொருத்தி, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போலச் சொல்லிக் கொடுப்பது. இரண்டையும் முயன்று பார்க்கவேண்டும் என்றார். முதல் வழிக்குப் பணம் கொட்டுகிறது. இரண்டாவதற்கு அந்த அளவுக்கு இல்லை, அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் நிற்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை.

உங்களுக்குப் புராஜெக்ட் வேண்டுமென்றால் இதைச் செய்யலாம். விடிகாலையில் செடியைப் படம் எடுங்கள், எடுத்த ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள், கையில் அழுத்தும் விசையை அளக்க ஒரு சென்சார் கிடைத்தால் அதையும் விரலில் மாட்டிவிடுங்கள், முந்தின நாள் வெயிலா மூட்டமா என்று குறியுங்கள். சாயங்காலம் அதே மொட்டுகளை வரிசையாக வைத்து எது விரிந்தது, எது விரியவில்லை என்று எழுதுங்கள். ஒரு சீசன் முழுக்க இப்படிச் சேர்த்த தரவில் ஒரு சின்ன மாதிரியைப் பழக்குங்கள், சாயங்காலம் இல்லாத படங்களை மட்டும் வைத்து இன்னொன்றைப் பழக்குங்கள், இரண்டையும் புதுச் செடியில் விட்டுப் பாருங்கள். ஹாஸ்டல் சண்டைக்கு அப்போது பேச ஏதாவது கையில் இருக்கும். எங்கள் தோட்டத்துக்கு வருவதானால் உள்பெட்டியில் எழுதுங்கள், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன். ஆனால் அவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்கவேண்டும், அறிக்கையில் அவர் பெயரையும் போடவேண்டும். இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் மட்டும் வாருங்கள்.